நீண்ட ஏரியில் பனி உருகும்வரை

பான்ஸ்கோ
28 மார்ச் 1974

ராய்னாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் மாமாவுக்கு இருமல் விடவில்லை. எனக்கு ஒன்றுமில்லை. நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மெத்தோதியின் நாற்பதாம் நாள் முடிந்தது. உடல் கிடைக்காத பிள்ளைக்கு நாற்பதாம் நாள் செய்யலாமா என்று பாதிரியார் முதலில் தயங்கினார். "நீங்க செய்யலன்னா நானே பாடிக்கறேன்" என்றேன். வந்தார். கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவி எல்லோருக்கும் கொடுத்தேன். வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் "மருமக எங்க?" என்று கேட்டார்கள். அவளுடைய அம்மா வந்து விதினுக்கு அழைத்துப் போய்விட்டாள், டாக்டர் படுத்திருக்கச் சொன்னாராம் என்றேன். "ஏன், பான்ஸ்கோவுல கட்டில் இல்லையாமா?" என்றாள் என் நாத்தனார். நான் உனக்காகப் பரிந்து பேசவில்லை. பேசினேன் என்று பொய் எழுத எனக்கு வராது.

மீட்புக் குழு பனியில் குத்தித் தேடிய கம்பிகளையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. நீண்ட ஏரிக்கு மேலே இருக்கும் சரிவின் பனி முழுவதும் ஏரியின் மேல் வந்து விழுந்திருக்கிறது, அடியில் உறைந்த ஏரி, அதற்கு மேல் இரண்டு வீட்டு உயரத்துக்குப் பனி, கோடையில் உருகினால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். என் பிள்ளையை ஏதோ கிடங்கில் வைத்துப் பூட்டிய சாமானைப் போலச் சொன்னார்கள்.

ஒன்று கேட்கிறேன். அன்று காலை அவன் கூட்டாளி ஸ்த்ராஹில் வந்து வாசலில் நின்று மலைக்குக் கூப்பிட்டபோது, நீ ஒரு வார்த்தை "போகாதே" என்று சொல்லியிருக்கலாம். கட்டியவள் சொன்னால் கேட்டிருப்பான்.

உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

செவ்தா


விதின்
6 ஏப்ரல் 1974

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மாமாவின் இருமலுக்கு அம்மா லிண்டன் பூ கட்டி அனுப்பியிருக்கிறாள். காய்ச்சித் தேன் விட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். நான் சுகம்.

நாற்பதாம் நாளுக்கு நான் இருந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டதைப் படித்தேன், அத்தை. மன்னித்துவிடுங்கள்.

இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டைதான். டான்யூப் பழுப்பாகப் பெருகி, கரையோரத்து மரங்களின் இடுப்புவரை நிற்கிறது. நாரைகள் வந்துவிட்டன. அம்மா வீட்டில் கிசுகிசுத்துத்தான் பேசுகிறாள், நான் நோயாளி என்பது போல. ஏணியில் ஏறிச் செர்ரி பறிக்கவே பயப்படுகிறவளை மலையடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேனே என்று அவர் என்னைக் கேலி செய்வது உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது காலையில் கண் விழித்ததும் ஜன்னலில் மலையைத் தேடுகிறேன். இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த செய்தி ஒன்று இருக்கிறது. முந்தாநாள் மத்தியானம் படுத்திருந்தபோது வயிற்றுக்குள் ஒரு சின்ன மீன் புரண்டது போல இருந்தது. முதலில் பயந்துவிட்டேன். அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னாள், பிள்ளை அசைகிறது என்று. வீட்டில் அன்றுதான் முதல் தடவையாக யாரோ சிரித்தது.

மாமாவுக்கு என் அன்பு. உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராய்னா


பான்ஸ்கோ
22 ஏப்ரல் 1974

மகளே ராய்னா,

உன் கடிதத்தை மாமா மூன்று தடவை உரக்கப் படித்தார். அந்த மீன் வந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். லிண்டன் பூவால் குறையாத இருமல் அன்றைக்குக் குறைந்தது. நாங்கள் சுகம். நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடவில்லை. துக்க வீடு. ஆனால் அடுத்த வருடம் செய்தாக வேண்டும். பிள்ளை கையில் சிவப்பு முட்டை கொடுக்காமல் எப்படி?

பரணிலிருந்து தொட்டிலை இறக்கியாயிற்று. மெத்தோதி படுத்த தொட்டில். ஒரு காலைச் செல் அரித்திருக்கிறது. புதுக் கால் செதுக்குகிறேன் என்று உன் மாமா அடுப்படி முழுவதும் சீவல் போட்டு வைத்திருக்கிறார். "தச்சனா இருந்த மகன் போயிட்டான், இப்ப அப்பன் தச்சனாகறான்" என்று நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நானே சீவலைக் கூட்டி அள்ளினேன். நான் வெள்ளைக் கம்பளி நூலில் சட்டை பின்னத் தொடங்கியிருக்கிறேன். ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும்.

போன வாரம் மரம் ஏற்றும் லாரியில் மலை விடுதிவரை போனேன். விடுதிக்காரர், "செவ்தா அக்கா, பனி முழங்கால் வரைக்கும் உள்ள போகும். திரும்பிப் போங்க" என்றார். "எனக்கு முழங்கால் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வழியில் இருக்கும் மீன் ஏரியைத் தாண்ட முடியவில்லை. நீண்ட ஏரி அதற்கும் மேலே. அங்கிருந்து பார்த்தால் வெள்ளைத் துணி போர்த்தியது போல ஒரே வெள்ளை. எது ஏரி, எது கரை என்று தெரியவில்லை. பனி உருகும்வரை முடிந்தபோதெல்லாம் போவேன். அவன் வெளியே வரும்போது பக்கத்தில் யாரோ அந்நியர்கள் நிற்கக் கூடாது.

பையனாக இருந்தால் மலைப்பக்கம் விடமாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

தயிர் நிறைய சாப்பிடு. கனமான எதையும் தூக்காதே.

உன் அத்தை


விதின்
20 மே 1974

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. நடுவில் எனக்கு உடம்பு சரியில்லை, படுத்திருந்தேன். இப்போது எழுந்து நடக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை. நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது. பாலாடைக்கட்டி வழியில் கொஞ்சம் உடைந்திருந்தாலும் நன்றாக இருந்தது. கம்பளி நூல் சட்டையைப் பார்த்தேன். பார்த்து வைத்திருக்கிறேன்.

அத்தை, நீண்ட ஏரி எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதுங்கள். அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நான்தான் சரியாகக் காது கொடுக்கவில்லை. ஆழமா? கரையில் மரம் இருக்கிறதா? வெறும் கல்லா? அங்கே சத்தம் ஏதாவது கேட்குமா? மே மாதத்தில் உருகத் தொடங்கும் என்று விடுதிக்காரர் சொன்னாரா?

தையல் ஆலையில் மறுபடி சேர்ந்துவிட்டேன். சட்டைக் காலர் தைக்கும் பகுதி. மிஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் தனியாக மேலே போக வேண்டாம். ஸ்த்ராஹிலையாவது கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு என் அன்பு.

ராய்னா


பான்ஸ்கோ
2 ஜூன் 1974

மகளே ராய்னா,

உனக்குப் புத்தி இருக்கிறதா? ஆறு மாத வயிற்றோடு மிஷினில் குனிந்து காலர் தைக்கிறாயா? உன் அம்மா பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாளா? நாளைக்கே போய் விடுப்பு எழுதிக் கொடு. அப்புறம்தான் நலம் விசாரிப்பேன்.

சரி, விசாரிக்கிறேன். சுகமா? கால் வீங்குகிறதா? நாங்கள் சுகம்.

நேற்று நீண்ட ஏரிவரை போய்விட்டேன். ஸ்த்ராஹில் கூட வந்தான். அன்றைக்கு அவனோடு போனவன்தானே மெத்தோதி. பனி வந்தபோது இவன் பாறை ஓரமாக நின்றதால் பிழைத்தான். வழி முழுவதும் எனக்கு முன்னால் பனியை மிதித்துத் தடம் போட்டான். கடைசி ஏற்றத்தில் என் பையைக் கேட்டான். "ஏன்டா, நான் என்ன கிழவியா?" என்றேன். அப்போதுதான் அழுதான். பை பத்து உருளைக்கிழங்கு கனம்கூட இருக்காது.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். அங்கே மரம் கிடையாது. கீழே குட்டைப் பைன்கள் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். மேலே போனால் அதுவும் இல்லை. கல்தான். மூன்று பக்கமும் பாறைச் சுவர். இப்போது ஏரிப் பனி சாம்பல் நிறமாகிவிட்டது. நடுவில் விரிசல் விட்டு உள்ளே நீலம் தெரிகிறது. சத்தம் கேட்குமா என்றாய். கேட்கிறது. பனிக்கு அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடுகிறது, எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஸ்த்ராஹில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கையுறை ஒன்று கிடைத்தது. நான் பின்னியது. ஒன்றுதான்.

ஒரு கடிதத்தில் பாலாடைக்கட்டி, காலர், மிஷின் எல்லாம் எழுதியிருக்கிறாய். ஏரியைப் பற்றி அத்தனை கேள்வி. பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லையே? உதைக்கிறானா? வயிறு முன்னால் கூராக இருக்கிறதா, பக்கவாட்டில் அகலமா? உன் மாமா ஆண் என்கிறார். அவர் சொல்வது நடந்ததே இல்லை. அதனால் பெண் என்று நான் வைத்திருக்கிறேன்.

தொட்டிலுக்குக் கால் பொருத்தியாயிற்று. ஆட்டினால் ஒரு பக்கம் இழுக்கிறது.

உடனே பதில் போடு.

அத்தை


விதின்
24 ஜூன் 1974

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டீர்கள். இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது.

தொட்டிலுக்காக மாமா சிரமப்பட வேண்டாம். அவருக்கு மரத்தூள் ஆகாது. இருமல் திரும்பிவிடும்.

அந்தக் கையுறையை எனக்காக வைத்திருங்கள். அவர் கிடைத்தால் எந்த நேரமானாலும் எனக்குத் தந்தி கொடுங்கள், அத்தை. எந்த நேரமானாலும்.

ராய்னா


பான்ஸ்கோ
19 ஜூலை 1974

என் கண்ணே ராய்னா,

இதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள். உன் அம்மாவைப் பக்கத்தில் இருக்கச் சொல். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்.

மெத்தோதி கிடைத்துவிட்டான். போன சனிக்கிழமை. நான்தான் பார்த்தேன்.

ஏரி முழுவதும் திறந்துவிட்டது. சரிவுக்கு அடியில், நிழல் விழும் மூலையில் மட்டும் ஒரு பனித்திட்டு மிச்சம் இருந்தது. தண்ணீர் அதன் அடியைத் தின்று தின்று குகை மாதிரி ஆக்கியிருந்தது. கரையோரமாகக் கல்லுக்குக் கல் தாவிப் போய்க் குனிந்து பார்த்தேன். பாதி பனியில், பாதி வெளியில் படுத்திருந்தான். இடது கை தலைக்கு அடியில். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான் தூங்குவான்.

முகத்தில் ஒரு காயமும் இல்லை, ராய்னா. பனி அவனை அப்படியே வைத்திருந்தது. நான் அலறவில்லை. ஸ்த்ராஹில் கீழே ஆட்களைக் கூப்பிட ஓடினான். அவர்கள் வரும்வரை நான் தனியாக அவனோடு இருந்தேன். தலைத்துணியை அவிழ்த்து ஏரியில் நனைத்து, அவன் முகத்தையும் கழுத்தையும் துடைத்தேன். தண்ணீர் கையைக் கடித்தது. "இரு, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே துடைத்தேன். முதல் தடவை குளிப்பாட்டியபோதும் அதைத்தான் சொன்னேன்.

கீழே வெயில் கடுமை. வைத்திருக்க முடியாது என்றார்கள். மறுநாளே அடக்கம் செய்துவிட்டோம். ஊர் முழுவதும் வந்தது. கூட வேலை பார்த்த மர ஆலைக்காரர்கள் அவனைத் தோளில் சுமந்தார்கள். கல்லறையில் சிவப்பு ஒயினை நான்தான் ஊற்றினேன். உன் பங்கையும் சேர்த்து ஊற்றினேன்.

தந்தி கொடுத்துவிடலாம் என்று உன் மாமா தபால் நிலையம்வரை போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடிப்போய்த் தடுத்தேன். "அவ எழுதியிருக்கால்ல, எந்த நேரமானாலும் சொல்லுங்கன்னு" என்றார். "எட்டு மாசக்காரி, ராத்திரி முழுக்க ரயில்ல வந்து இந்தக் குழிய பாக்கணுமா? இவன மண்ணுல வெச்சாச்சு. அதையும் சேத்து வெக்கணுமா?" என்று கேட்டேன். பாவி மனுஷன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

என் மேல் கோபப்படு. பரவாயில்லை. நீயும் பிள்ளையும் பத்திரமாக இருந்தால் போதும். இப்போது அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. மூன்று பேருமாகப் போவோம்.

நிறைய அழாதே. பிள்ளைக்குக் கேட்கும்.

உன் அத்தை


விதின்
25 ஜூலை 1974

அத்தைக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உட்கார்ந்துதான் படித்தேன்.

நான் வந்திருக்க முடியும், அத்தை. ராத்திரி ரயிலில் வந்திருக்க முடியும். நடந்தேகூட வந்திருக்க முடியும். மே மாதத்திலிருந்தே என்னால் எங்கேயும் போக முடியும்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி பிள்ளை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எனக்குக் காட்டவில்லை. கேட்டேன். "பாக்காம இருக்கறதுதான் நல்லது, சின்னப் பொண்ணு நீ" என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். பெண் என்று மட்டும் துப்புரவு செய்யும் அம்மா ஒருத்தி வந்து காதில் சொல்லிவிட்டுப் போனாள். எங்கே வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது மேசையில் உங்கள் கடிதம் இருந்தது. தொட்டில், சிவப்பு முட்டை, வெள்ளைச் சட்டை.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். "மகளே" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நீங்கள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் கூப்பிட்டது என்னையல்ல, என் வயிற்றில் இருப்பதைத்தான் என்று தெரியும். தெரிந்தும் எனக்கு அது வேண்டியிருந்தது. நாளைக்கு எழுதலாம், அவர் கிடைத்த பிறகு எழுதலாம் என்று தள்ளினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் உங்கள் தலையில் போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குத்தான் இந்தத் தண்டனை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. காயமில்லை, தூங்குவது போல இருந்தார் என்று நீங்கள் எழுதியதை வைத்துத்தான் இனி நான் பார்க்க வேண்டும்.

உங்கள் மேல் கோபமில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் ஏதாவது சொல்லுங்கள்.

ராய்னா


பான்ஸ்கோ
20 ஆகஸ்ட் 1974

அம்மா ராய்னா,

எழுதுவது உன் மாமா. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உடம்பு தேறிவிட்டதா? எனக்கு இருமல் அப்படியேதான்.

உன் கடிதம் வந்ததும் செவ்தா படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தாள். உருளைக்கிழங்குக் கொல்லைக்குப் போய் இருட்டும்வரை மண்வெட்டி போட்டாள். நான் எடுத்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் கழித்துத் தொட்டிலை அவளே பரணில் ஏற்றினாள். நான் பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். அந்த வெள்ளை நூலில் பின்னிக்கொண்டிருந்த குல்லாயை ஒவ்வொரு கண்ணாகப் பிரித்து, உருண்டையாகச் சுற்றி வைத்தாள்.

இன்னும் ஏரிக்குப் போகிறாள். முந்தாநாள் கேட்டுவிட்டேன். "அவன்தான் கெடச்சாச்சே. இனி எதுக்குடி அங்க போற?" வாசலில் நின்று பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "வேற எங்க போறதுன்னு எனக்குத் தெரியல."

வா என்று எழுத எனக்குத் தைரியமில்லை. வராதே என்று எழுத மாட்டேன். என்னைக் கேட்டால் நீ எப்போதும் எங்கள் பெண்தான். ஆனால் இந்த வீட்டில் என்னை யார் கேட்கிறார்கள்?

உன் மாமா கிரில்


விஹ்ரென் மலை விடுதி
8 செப்டம்பர் 1974

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று தூரத்திலிருந்து எழுதிப் பழகிவிட்டது. இப்போது உங்கள் ஊருக்கு மேலேயே, மலையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். விடுதியின் சமையலறை மேசை இது. விடுதிக்காரர் பீன்ஸ் சூப் வைத்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கி நேராகக் கல்லறைக்குப் போனேன். ஒயின் ஊற்றினேன். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. பிறகு வீட்டுக்கு வந்தேன். வாசல் கதவில் கறுப்புக் கரை போட்ட இரங்கல் தாள் ஒட்டியிருந்தது. அவர் படத்துக்குக் கீழே படித்தேன்: "துயருறும் தாய், தந்தை, மனைவி, பிறக்கவிருக்கும் பிள்ளை." அதற்குப் பிறகு கதவைத் தட்டக் கை வரவில்லை. மேலே ஏறும் லாரியைப் பார்த்ததும் கை காட்டி ஏறிக்கொண்டேன்.

நேற்று விஹ்ரென் உச்சிக்குப் போனேன். நான்தான், அத்தை. ஏணிக்குப் பயந்தவள். "ஒரு தடவ மேல வந்து பாரு, அப்புறம் நீயே என்ன போகச் சொல்லுவ" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டு சிகரங்களுக்கு நடுவில் தாழும் மலைக் கழுத்துவரை எப்படியோ நடந்துவிட்டேன். அதற்கு மேல் வெள்ளைச் சலவைக்கல். கால் வைத்தால் சரியும் பொடிக்கல். ஓர் இடத்தில் இரண்டு கையாலும் பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. சோபியாவிலிருந்து வந்த வயதான தம்பதி பின்னால் வந்தார்கள். அந்த அம்மா, "கீழ பாக்காத கண்ணு, அடுத்த கால எங்க வெக்கறதுன்னு மட்டும் பாரு" என்றார். அவர் கணவர், "முப்பது வருஷமா எனக்கும் இதேதான் சொல்றா. நான் கேட்டதே இல்ல, இன்னும் விழல" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்தபோது கை தானாகத் தளர்ந்தது. அவர்கள் பின்னாலேயே நாலு காலில் ஊர்ந்தேன்.

உச்சியில் காற்று பேச விடவில்லை. யாரோ உப்புத் தொட்ட தக்காளி ஒன்று கொடுத்தார்கள். தெற்கே கீழே ஏரிகள் தெரிந்தன. எது நீண்ட ஏரி என்று அந்த அம்மா விரலால் காட்டினார்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏறும்போது, அந்தப் பாறைக்குப் பிறகு, கொஞ்ச நேரம் நான் அவரை மறந்துவிட்டேன். அவளையும் மறந்துவிட்டேன். கை பிடிக்கும் கல், கால் வைக்கும் கல், அவ்வளவுதான் உலகத்தில் இருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு நேரம் கிடைத்ததே இல்லை. அவர் ஏன் போனார் என்று அங்கே புரிந்தது. நீங்கள் ஏன் இன்னும் போகிறீர்கள் என்பதும் புரிந்தது.

இன்று காலை நீண்ட ஏரிக்குப் போனேன். அந்த மூலையில் இப்போது பனியில்லை. அடியில் கல் தெரியும் தெளிந்த தண்ணீர். அழத்தான் வந்தேன். ஆனால் கத்தினேன். "போகாதன்னு சொன்னேன்ல! கையப் புடிச்சிக் கெஞ்சினேன்ல! பிள்ளையோட விட்டுட்டுப் போறியேன்னு கேட்டேன்ல!" என்று கத்தினேன். மூன்று சுவரும் திருப்பிக் கத்தின. பிறகு பசித்தது. கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன்.

நாளைக் காலை லாரியில் இறங்கிப் பஸ் பிடிக்கிறேன். விடுதிக்காரர் இதைத் தபாலில் சேர்ப்பார். உங்கள் தெரு வழியாகத்தான் பஸ் போகும்.

ராய்னா


பான்ஸ்கோ
6 அக்டோபர் 1974

ராய்னாவுக்கு,

உன் மாமா இருமுகிறார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அதுதான் எனக்கே எரிச்சல். நீ ஊர் போய்ச் சேர்ந்தாயா, கால் வலி போய்விட்டதா என்று மாமா கேட்கச் சொன்னார். நானும் கேட்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். மாடி ஜன்னலில், திரைக்குப் பின்னால். நீ தெருமுனையில் திரும்பியதிலிருந்தே பார்த்தேன். இளைத்திருந்தாய். கதவுக்கு முன்னால் நின்று தாளைப் படித்தாய். "போய்க் கதவத் திற, செவ்தா" என்று உன் மாமா கீழேயிருந்து கெஞ்சினார். அவரையும் திறக்கவிடவில்லை. நீ தட்டினால் திறப்பேன் என்று நின்றேன். நீ தட்டவில்லை. நான் இறங்கவில்லை. லாரி உன்னை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் இறங்கி வந்து கதவைத் திறந்தேன்.

எனக்குக் கோபம், ராய்னா. இப்போதும் இருக்கிறது. பிள்ளை போனதற்கல்ல. அது உன் கையில் இல்லை. நான் மெத்தோதிக்கு முன்னால் இரண்டைப் பறிகொடுத்தவள், எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லாமல் நீ தனியாக இருந்தாயே, அதற்குத்தான். பிறகு கொல்லையில் மண்வெட்டி போடும்போது யோசித்தேன். "ஏன் தடுக்கவில்லை" என்று கேட்டுக் கடிதம் எழுதியவளிடம் எந்தப் பெண் வாய் திறப்பாள்? நீ கையைப் பிடித்துக் கெஞ்சியதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நானும்தான் முந்தின நாள் அவனிடம் போகாதே என்று சொன்னேன். அவன் அப்பா சொன்னார். மேலே பார்த்துக்கொண்டே "சரிம்மா" என்றான்.

விஹ்ரெனில் நான் ஏறியதே இல்லை. ஏரிகளோடு சரி. விடுதிக்காரர் ஊர் முழுவதும் சொல்லிவிட்டார், செவ்தாவின் மருமகள் நாலு காலில் உச்சிக்குப் போனாள் என்று. என் நாத்தனார், "சமவெளிக்காரிக்கு அவ்ளோ தைரியமா?" என்றாள். இந்தத் தடவை உனக்காகப் பேசினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். இப்போது எங்களுக்குள் போக்குவரத்து இல்லை.

வாசலில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டேன். பிப்ரவரியில் வருட நினைவுக்குப் புதிதாக அச்சடிக்க வேண்டும். அந்தப் பெண் குழந்தையையும் அதில் போடலாம் என்று நினைக்கிறேன். அவன் பெயருக்குப் பக்கத்தில். எங்கே வைத்தார்கள் என்றுகூடத் தெரியாதவளுக்கு அந்தத் தாளிலாவது ஓர் இடம் இருக்கட்டும். அதற்கு ஒரு பெயர் வேண்டும். நீதான் வைக்க வேண்டும். செவ்தா என்று மட்டும் வைத்துவிடாதே, ஒருத்தி போதும்.

இன்னொன்று. உனக்கு இருபத்து நாலு வயது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் யாராவது உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்பார்கள். நீயும் சரி என்பாய். அப்போது எனக்கு எழுது. இதை மறைத்தது போல அதை மறைக்காதே. எனக்குக் கோபம் வரும். கொஞ்ச நாள் பதில் வராது. ஆனால் வரும். அதற்குப் பிறகு நீ என்னை அத்தை என்று கூப்பிட முடியாது. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஓர் உறவுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை போலிருக்கிறது.

நேற்று மேலே பனி விழத் தொடங்கிவிட்டது. விடுதிச் சாலையை இந்த வாரம் மூடிவிடுவார்கள். இனி மே மாதம்வரை ஏரிக்குப் போக முடியாது. காலையில் எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வாசல்வரை போகிறேன். பிறகு திரும்பி வந்து உட்காருகிறேன்.

எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. காலரைப் பற்றியாவது எழுது.

செவ்தா